என் பெயரில் பாடியவர்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. கொஞ்சநஞ்சம் அல்ல. பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அப்பளம் பெரிதாக விழுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் செய்ததைப் படித்துவிட்டு, பாவம், சந்தர்ப்பம் அப்படி அமைந்துவிட்டது என்று யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

போன நூற்றாண்டு, அதாவது ஆயிரத்து எண்ணூறுகள், முடிய நாலைந்து வருஷம் இருந்தது. மலையைக் குடைந்து கொண்டுவந்த பெரியாற்றுத் தண்ணீர் அப்போதுதான் எங்கள் பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தது. நான் சின்னமனூரில் பள்ளிக்கூட வாத்தியார். கோடை விடுமுறையில் கூடலூருக்கு மேலே மலையிலிருந்த ஒரு காப்பித் தோட்டத்துக்குப் போய், அங்கே துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். கூலியாட்களை விரட்டுகிற அளவுக்குத் தமிழ் வந்ததும், படிப்பு போதும் என்று துரைக்குத் தோன்றிவிட்டது. ஆனாலும் சாயங்காலத்தில் என்னைப் பாடச் சொல்லிக் கேட்பார். செடிகளில் நோய் விழுந்து தோட்டம் கைவிட்டுப் போனபோது, சீமைக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால், தன்னிடமிருந்த பேசும் பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது தட்டு வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தெரியாது. அதில் தட்டு கிடையாது. கை அகலத்துக்கு ஒரு மெழுகுக் குழல். சாவி கொடுத்தால் குழல் சுழலும். பித்தளைப் புனலுக்குள் முகத்தை வைத்துப் பாடினால், அந்தச் சத்தத்தில் ஒரு முள் ஆடி, மெழுகில் கோடு கீறிக்கொண்டே போகும். வேறு முள்ளை மாற்றி வைத்தால் கோட்டிலிருந்து பாட்டு திரும்பி வரும். ஒரு குழலுக்கு இரண்டு நிமிஷம்தான். பாட்டு பிடிக்காவிட்டால், கூடவே வந்த கத்தியால் மெழுகைச் சீவி வழவழப்பாக்கிவிட்டு மறுபடி பாடலாம். நாலு தடவை சீவினால் குழல் மெலிந்துவிடும், பிறகு ஆகாது.

சீமையில் இப்படிக் குழலில் பாட்டை அடைத்து விற்கக் கம்பெனிகள் இருப்பதாக துரை சொல்லியிருந்தார். அவர்களிடம் நம் சங்கீதம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அது போதாதா எனக்கு? சீமையிலிருந்து வெறும் குழல்கள் வரவழைத்து, பலகை ஒன்று செய்து, என் பெயரைப் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே 'சங்கீதக் கம்பெனி' என்று சின்னதாக எழுதினேன். கச்சேரி கேட்க மதுரைக்குப் போக முடியாத ஜமீன்களும், பெரிய மிராசுதார்களும், மலைமேல் பங்களாக்களில் பொழுது போகாமல் இருக்கிறவர்களும் ஆளுக்கொரு பெட்டி தருவித்து என்னிடம் குழல் வாங்குவார்கள். அவர்களுக்குத் தேவை கலப்படம் இல்லாத ராகம், கீர்த்தனை. பாடப்போவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மதுரையில் ஒரு வித்வான் வீட்டில் எட்டு வருஷம் தண்ணீர் இறைத்து, துணி துவைத்துக் கற்றுக்கொண்டவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடம் காலியாக இருக்கும். ஒரு வகுப்பறையில் சுவரெல்லாம் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, ஜன்னலை அடைத்து, புனலுக்குள் முகத்தை வைத்து நான் தோடி பாடினேன். முள்ளை மாற்றி வைத்துக் கேட்டால், எங்கேயோ ஒரு கொசு ரீங்காரம் செய்தது. முள் சரியில்லை என்று நினைத்தேன். இன்னொரு குழல். மறுபடியும் கொசு. மெழுகு சூட்டில் இளகிவிட்டது என்று பழி போட்டு, குழல்களை மண்பானையில் பஞ்சு வைத்துக் குளிர்ச்சியாக வைத்து, விடிந்ததும் பாடிப் பார்த்தேன். கொசுவுக்குக் கொஞ்சம் வயது ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

என் குரல் சின்னது. ஆனால் நுணுக்கமானது. பத்தடிக்குள் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவன் கேட்டால் அதில் இருக்கிற வேலைப்பாடு தெரியும். அந்தப் பெட்டிக்குக் கேட்கத் தெரியவில்லை. அதற்கு வேண்டியது தொண்டை, வித்தை அல்ல. சொந்தமாகக் கம்பெனி வைத்து, பலகையில் பெயர் எழுதி, அந்தக் கம்பெனிக்கே நான் உதவாமல் போனேன்.

வேறு யாரையாவது பாடவைக்கலாம் என்று வந்தபோது, ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். நினைவுக்கு வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

கோம்பைப் பாதையில் ஒரு வேதக்கார ஊர் உண்டு. பழைய காலத்துச் சாமியார்களிடம் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள். அதில் ஒருவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் பள்ளத்தாக்கில் அல்ல, மதுரையில், என் குருவின் வீட்டு முற்றத்தில். பாடகர் வீட்டுக்கு வெற்றிலை எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை வண்டியில் வெற்றிலைக் கட்டுகளோடு தேனி வழியாக மதுரைக்கு வருவார். கட்டை இறக்கிவிட்டு முற்றத்துக் கிணற்றடியில் உட்காருவார். உள்ளே வர அவருக்கு வழக்கம் இல்லை. மாடு இளைப்பாறுகிற நேரம், உள்ளே எங்களுக்கு நடக்கிற பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு எழுந்து போய்விடுவார். பத்து நாளைக்கு ஒரு அரை மணி நேரம், அதுவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே. அதில் அவர் பிடித்துக்கொண்டது, எட்டு வருஷத்தில் நான் பிடித்துக்கொண்டதைவிட அதிகம். இது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் அவருடைய கொடிக்கால் வழியாக நடந்து போனபோது. உள்ளே கொடியைக் கட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். வேலியோரம் நின்று கேட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

அவரைத்தான் கூப்பிட்டேன். வேறு வழி இல்லை. பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளை வேட்டி, நகக்கண்ணில் கொடிக்கால் மண்.

"இதுக்குள்ள பாடணுமாக்கும்" என்று புனலைத் தட்டிப் பார்த்தார். "பாடுனா உள்ள போயிருமா வாத்தியாரே?"

"போயிரும் அண்ணே."

"திரும்பி வருமா?"

"வரும்."

"அப்பப் போய்ட்டு வரட்டும்" என்று சிரித்துவிட்டுப் பாடினார்.

முள்ளை மாற்றி வைத்தேன். பெட்டிக்குள்ளிருந்து முழு மனுஷன் வெளியே வந்தான். வீதியில் போன வண்டி நின்றது. பக்கத்து வீட்டு நாய், கோம்பை ஜாதி, அந்நியக் குரல் கேட்டால் விடாது, கதவைப் பிறாண்டிக்கொண்டு குரைத்தது. கிணற்று மேட்டில் மாட்டை அதட்டி அதட்டி அகன்ற தொண்டை அது. ஆனால் அதட்டல் மட்டும் இல்லை, அதுதான் என்னை வதைத்தது. அந்த அகலத்துக்குள் நுணுக்கமும் இருந்தது. எனக்கு ஒன்றைக் கொடுத்த கடவுள் அவருக்கு இரண்டையும் கொடுத்திருந்தார்.

அப்படித்தான் கம்பெனி நடந்தது. என் பெயர் பலகையில், அவர் குரல் குழலில்.

அந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு குழலிலிருந்து இன்னொரு குழலுக்குப் பிரதி எடுக்க எங்களுக்கு வழி இல்லை. பத்துப் பேர் கேட்டால் பத்துத் தடவை பாட வேண்டும். உச்ச ஸ்வரத்தில் சத்தம் மீறினால் முள் துள்ளி மெழுகு கெட்டுப்போகும், கீழ் ஸ்வரத்தில் சத்தம் குறைந்தால் கோடே விழாது. அதனால் பாடுகிறவருக்குப் பின்னால் ஒருவர் நின்று, பிடரியில் கை வைத்து, மேலே போகும்போது பின்னுக்கு இழுத்து, கீழே வரும்போது புனலுக்குள் தள்ள வேண்டும். அந்த வேலை என்னுடையது. குழலின் தொடக்கத்தில் கம்பெனிப் பெயரையும் ராகத்தையும் பாடுகிறவர் பெயரையும் சொல்லவேண்டியதும் நான்தான். சொல்லி முடித்துச் சட்டென்று விலகி அவர் பின்னால் போய்விடுவேன்.

பிடரியில் கை வைத்திருந்தவனுக்கு ஒன்று தெரியும். ஸ்வரம் வெளியே வருவதற்கு முன்னால் அது வருவது கழுத்து நரம்பில் தெரிந்துவிடும். அவர் எங்கே போகப்போகிறார் என்பது உலகத்தில் எல்லோருக்கும் முன்னால் என் விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் நினைத்தே பார்க்காத இடத்துக்குப் போனார். பத்துத் தடவை பாடினால் பத்து விதம். ஒரே மாதிரி பாட அவருக்குச் சாதகம் போதாது என்று என் மனைவியிடம் சொன்னேன்.

என் மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. நெல் குத்தும்போது பெட்டியில் பாட்டு வைக்கச் சொல்லுவாள். அவர் பாட்டைத்தான் கேட்பாள். ஒரு நாள் பொறுக்காமல், "என் குழலு ரெண்டு கெடக்கே, அதக் கேக்க மாட்டியா?" என்றேன்.

"உங்க பாட்டத்தான் நெதமும் நேர்லயே கேக்குறேனே" என்றாள். உலக்கையை நிறுத்தவில்லை.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஆள் வந்து குழல் கேட்டார்கள். "அந்த வேதக்காரரு பாடுனது" என்றுதான் கேட்டார்கள். கம்பெனிப் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் என்னையே பார்த்து, "நீங்க பெட்டிக்குச் சாவி குடுக்குறவுகளா?" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டாம் வருஷம் ஆடியில் ஒரு ஜமீனிலிருந்து காரியஸ்தர் வந்தார். பெயர் வேண்டாம், மலையடிவாரத்து ஜமீன். அங்கே பாடிக்கொண்டிருந்த பழைய பாடகர் காலமாகிவிட்டார். நவராத்திரி ஒன்பது நாளும் பாட ஒருவர் வேண்டும். பிடித்துப்போனால் அவரே அரண்மனைப் பாடகர், குடியிருக்க வீடு, ஆயுசுக்கும் சாப்பிட நஞ்சை. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் ஆள் அனுப்பி ஒவ்வொருவராக வரவழைத்துக் கேட்க ஜமீன்தாருக்குப் பொறுமை இல்லை. உங்கள் கம்பெனியில் யார் நன்றாகப் பாடுகிறார்களோ அவர்களுடைய குழல் ஒன்றோடு பெட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள், குழலைக் கேட்டு முடிவு செய்கிறோம் என்றார் காரியஸ்தர்.

நான் போய்க் கொடிக்கால்காரரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவருக்குத் தெரியாமல் குழல் எப்படிச் செய்வது? அவர் அப்போது கொடிக்காலின் நடுவே நின்றுகொண்டிருந்தார். புதுத் தண்ணீர் வந்ததில் பக்கத்து நிலமெல்லாம் நெல்லாகி, ஈரம் ஊறி, அவருடைய கொடி வேரோடு அழுகிக்கொண்டிருந்தது. கறுத்த வெற்றிலையைக் கிள்ளிப் போட்டபடி கேட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு ஆசதான் வாத்தியாரே" என்றார். "விடிஞ்சா பாடணும், சாஞ்சா பாடணும். ஊடால இந்த மண்வெட்டியத் தொடாம ஒரு வருசமாச்சும் இருந்து பாத்துரணும். அந்த எடம் எனக்குக் கெடைக்குமா?"

"கெடைக்கும் அண்ணே" என்றேன். கிடைக்கும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. அதுதான் தொல்லை.

எங்களிடம் இருந்தவற்றில் பாடத் தகுந்த குழல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதுவும் மூன்று தடவை சீவியது, இன்னொரு தடவை சீவினால் ஆகாது. மற்றவற்றில் மழைக்காலத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. புதுக் குழல்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்து அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்க இன்னும் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே பாட்டு ஒரே தடவைதான். சஹானா பாடுவது என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. சாவி கொடுத்தேன். முள்ளை இறக்கினேன். குழல் சுழன்றது. புனலுக்கு நேராகக் குனிந்து, வழக்கம்போலக் கம்பெனிப் பெயரைச் சொன்னேன், ராகம் சஹானா என்றேன். பாடுகிறவர் என்று சொல்லி, அவருடைய பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் என் பெயரைச் சொன்னேன்.

வாய் தவறி வந்ததல்ல. முந்தின நாளிலிருந்தே அந்த நினைப்பு என்னிடம் இருந்தது. ஆனால் சொல்லுவேனா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். மெழுகு சுழன்றுகொண்டிருந்தது. அவர் என்ன ஏது என்று கேட்டால் அந்தக் கேள்வி குழலில் பதிந்துவிடும். பேசாமல் நின்றாலோ கடைசிக் குழல் வீணாகப் போய்விடும். ஒரு மூச்சு எடுக்கிற நேரம்தான் பார்த்தார். பிறகு புனலுக்குள் முகத்தை வைத்துப் பாட ஆரம்பித்தார். நான் பின்னால் போய் அவர் பிடரியில் கையை வைத்தேன்.  அவர் கழுத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படி ஒரு சஹானா கேட்டதில்லை. இறங்கி வருகிறபோது, மத்தியமத்திலிருந்து ரிஷபத்துக்கு வந்து காந்தாரத்தைத் தொட்டுத் திரும்புவது எல்லோரும் செய்கிறதுதான். அவர் தொட்டுவிட்டுத் திரும்பவில்லை. காந்தாரத்திலேயே நின்றார். கேட்கிறவனுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு நின்றார். அங்கிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் சந்தோஷம் பாதி, ஏன் எனக்கு இது வரவில்லை என்கிற ஆத்திரம் பாதி. சரியாகச் சொன்னால் ஆத்திரம் பாதிக்கு மேலேயே இருந்தது.

பாடி முடித்து முள்ளைத் தூக்கிய பிறகுதான் கேட்டார்.

"உங்க பேரச் சொல்லிப்புட்டீகளே வாத்தியாரே."

பதில் தயாராக வைத்திருந்தேன். "வேதக்காரரு பேரு காதுல விழுந்தா நவராத்திரிக்கு ஆகாதுன்னு அங்கனயே நிறுத்திருவாக அண்ணே. மொதல்ல பாட்டக் கேக்கட்டும். மனசுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, அப்பறம் நான் எடுத்துச் சொல்லிர்றேன்."

அவர் யோசித்தார்.  "அதுஞ் சரிதான்" என்றார். "இம்புட்டு யோசிச்சிருக்கீக, எனக்கு இது தோணல." சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் மனுஷனாகியிருப்பேன்.

ஜமீனுக்கு வண்டி கட்டிக்கொண்டு நான் மட்டும் போனேன். அவர் வருகிறேன் என்றார். முதலிலேயே நீங்கள் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டேன். வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டேன். பெட்டியில் என் பெயரைக் கேட்பார்கள். பாட்டில் மயங்குவார்கள். உடனே, நேரில் ஒன்று பாடுங்கள் என்பார்கள். அந்தப் பெரிய குரல் அவர்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, என் நுணுக்கத்தை எடுத்து முன்னால் வைப்பேன். குரல் அவருடையதாக இருக்கட்டும், வித்தை என்னுடையது. இரண்டும் சேர்ந்து அவர்கள் மனதில் ஒரே ஆளாகிவிடும். எட்டு வருஷம் தண்ணீர் இறைத்ததற்கு இவ்வளவுகூட எனக்குக் கிடைக்கக் கூடாதா என்று மாட்டைப் பார்த்துக் கேட்டேன்.

கணக்கில் முதல் பாதி சரியாக நடந்தது. ஜமீன்தார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை எதிரே வைத்துச் சாவி கொடுத்தேன். என் பெயர் ஒலித்தது, சஹானா ஒலித்தது. காந்தாரத்தில் அந்த இடம் வந்தபோது அவர் காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார்.  பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, "பாடும்" என்றார்.

அதே சஹானாவைப் பாடினேன். என் ஆயுளில் அவ்வளவு கவனமாக நான் பாடியதில்லை. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. ஜமீன்தார் மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையை லேசாக உயர்த்தினார், நிறுத்தினேன்.

"பெட்டிக்குள்ள இருக்கிறது வேற ஆள்" என்றார்.

"தொண்டை கட்டியிருக்கு" என்றேன்.

"தொண்டை கட்டினா குரல்தான் மாறும் வாத்தியாரே. மனசு மாறாது." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "யார் அவர்?"

காரியஸ்தர் நின்றுகொண்டிருந்தார், உள்ளே கதவுக்குப் பின்னால் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு வேதக்காரர். கொடிக்கால் வைத்திருக்கிறார்" என்றேன். அவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னதும் எனக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. வேதக்காரர் என்று கேட்டதும் ஜமீன்தார் முகம் சுளிப்பார். நான் கொடிக்கால்காரரிடம் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும்.

ஜமீன்தார் சிரித்தார். "எனக்கு நாடி பார்த்து மருந்து தருகிறவரே வேதக்காரர்தான். அவர் தர்ற மருந்து உள்ளே போகுது, பாட்டுப் போகாதா? கோயிலுக்குள்ளயா பாடச் சொல்றேன், என் கூடத்திலதானே? புரட்டாசிக்குள்ள கூட்டியாரும்."

அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டுதான் திரும்பினேன். பெட்டியைவிட அது கனமாக இருந்தது. முல்லையாற்றுப் பாலத்தருகே, நான் வருகிற வழியில், கொடிக்கால்காரர் காத்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து நிற்கிறார் போலிருக்கிறது. வண்டி நிற்பதற்கு முன்பே வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தார்.

"என்ன சொன்னாக வாத்தியாரே?"

கூட்டிவரச் சொன்னார்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை. இந்த ஆள் மாடு இளைப்பாறுகிற நேரத்தில் கேட்டுக் கற்றுக்கொண்டவர், இனி வீட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருப்பார், நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன்.

"பிடிக்கலேன்னுட்டாக அண்ணே" என்றேன்.

அவர் வண்டிச் சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.  "எம் பேரச் சொன்னீகளா? வேதம்னு சொன்னதாலயா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அவருக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். பாட்டில் குறையில்லை, பிறப்பில்தான் என்று தேற்றிக்கொண்டிருப்பார். அதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அதெல்லாம் இல்ல. பாட்டுல ஒரு எடம் தப்புன்னாக."

"எந்த எடம்?"

நான் மாட்டை விரட்டினேன். "வந்து போட்டுக் காட்டுங்க" என்றார். இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெட்டியைத் திறந்து அதே குழலை வைத்தேன். என் பெயர் ஒலித்தது. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புனலுக்கு அருகே காதைச் சாய்த்துக்கொண்டு, பரீட்சைத் தாளை வாங்கிப் பார்க்கிற பிள்ளை மாதிரி, எந்த இடத்தில் தவறு என்று தேடிக்கொண்டிருந்தார். காந்தாரம் வந்தது. நின்றது. அந்த நேரத்தில் நான் விரலைத் தூக்கினேன்.

"இங்கனயா?" என்றார்.

"இங்கனதான். சஹானாவுல காந்தாரத்துல நிக்கக் கூடாது. தொட்டுட்டு வந்துரணும். சாஸ்திரம் அப்படி. நின்னா ராகம் கெட்டுப்போகும்."

இதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. ஜமீன்தார் ஊஞ்சலை நிறுத்தியதும் அந்த இடத்தில்தான், எனக்குக் கண்ணீர் வந்ததும் அந்த இடத்தில்தான். எது என்னை அதிகமாகச் சுட்டதோ அதைக் காட்டினேன். கொடிக்கால்காரர் மறுத்துப் பேசவில்லை. எட்டு வருஷம் உள்ளே உட்கார்ந்து படித்தவன் நான், கிணற்றடியில் உட்கார்ந்து கேட்டவர் அவர். சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறது, அது உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்று நம்பினார்.

"இன்னொருக்க வைங்க" என்றார். வைத்தேன். மூன்றாம் தடவையும் கேட்டார். பிறகு, "எனக்குக் கேக்க நல்லாத்தான் இருக்கு. அதான் தெரியல பாத்தீகளா, தப்பு நல்லா இருக்குன்னு தோணிருக்கு" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டவர்போல் சிரித்தார். "இத எதுக்கு வச்சுக்கிட்டு? சீவிருங்க வாத்தியாரே. மெழுகாச்சும் மிஞ்சட்டும்."

அவர் எதிரிலேயே சீவினேன். கத்தி பட்டதும் மெழுகு சுருள் சுருளாக உதிர்ந்தது. என் பெயரும் அதிலேயே போயிற்று. அவர் கீழே விழுந்த மெழுகைத் துண்டில் வழித்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று கிளம்பினார்.

அந்த ஆளுக்கு வர இஷ்டமில்லை என்று ஜமீனுக்குக் கடிதம் எழுதினேன். புரட்டாசி வந்தது, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்துக்கொண்டார்கள். சீமையிலிருந்து புதுக் குழல்கள் வந்தபோது கொடிக்கால்காரர் பாட வரவில்லை. முதலில் சாஸ்திரம் சரியாகக் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். மற்றவர்களை வைத்து நாலைந்து குழல் செய்தேன், யாரும் கேட்டு வரவில்லை. பலகையைக் கழற்றி மாட்டுத் தொழுவத்துக்குக் கதவாக்கினேன். பெட்டியைப் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருஷம் அவரைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஊரில் மாதா கோயில் திருவிழா நடந்தது. சாயங்காலப் பூசையில் அவர் பாடுவதாகக் கேள்விப்பட்டேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், குரல் போயிருக்குமா என்று பார்க்கத்தான் போனேன். பச்சையாகச் சொன்னால் அதுதான் உண்மை. கோயிலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்றுகொண்டேன்.

குரல் போகவில்லை. மாதாவைப் பற்றிய பாட்டு, ராகம் சஹானா. இறங்கி வந்தார். மத்தியமம், ரிஷபம், காந்தாரம். தொட்டார். உடனே கையைச் சுட்டுக்கொண்டவர்போல எடுத்துக்கொண்டு ஷட்ஜத்துக்கு வந்துவிட்டார். அடுத்த சரணத்திலும் அப்படியே. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது அவருக்கும் ஜமீன்தாருக்கும் எனக்கும்தான் தெரியும், மூவரில் அது போகக் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்போதாவது என் வயிறு குளிர்ந்ததா என்றால், இல்லை. அவ்வளவு பெரிய ஒன்றை இழந்த பிறகும் அவர் என்னைவிட நன்றாகப் பாடினார்.

பூசை முடிந்து வெளியே வந்தவர், மரத்தடியில் என்னைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போக எனக்கு நேரம் இல்லை. கூட வந்த பங்குச் சாமியாரிடம் என்னைக் காட்டி, "சொன்னேன்ல சாமி, எம் பாட்டுல இருந்த தப்ப எடுத்துச் சொன்னவுக இவுகதான். இவுக இல்லேன்னா கடைசி வரைக்கும் தப்பாவே பாடிக்கிட்டிருந்திருப்பேன்" என்றார். சாமியார் என்னைக் கும்பிட்டார்.

அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"இப்பச் சரியா இருக்கா வாத்தியாரே?"

"சரியா இருக்கு அண்ணே" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.